லவட் பிரபுவின் விரல்கள்

ஒரு கிழவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, பருத்த உடம்பு முழுவதையும் நம் பக்கம் திருப்பி. தலையில் பொய்முடி. பக்கத்து மேஜையில் மைக்கூடு, இறகுப் பேனா, நினைவுக் குறிப்புகள் என்று தலைப்பிட்ட ஒரு நோட்டு. முகத்தில் இருப்பதைச் சிரிப்பு என்று சொல்லிவிட முடியவில்லை. வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. கண் எதிராளியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு கையின் விரலை மறு கையின் விரல் தொட்டு நிற்கிறது. 1746-இல் வில்லியம் ஹோகார்த் செப்புத் தகட்டில் வரைந்து, அச்சிட்டு விற்ற சித்திரம் இது. இதில் இருப்பவன் ஸ்காட்லாந்தின் சைமன் ஃப்ரேஸர், லவட் பிரபு. சித்திரம் வெளிவந்து எட்டு மாதம் முடிவதற்குள் அவன் தலை வெட்டப்பட்டது.

திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அட்டை போன ஒரு ஹோகார்த் தொகுப்பை வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகிறது. பி.ஏ. இங்கிலீஷ் படித்த மூன்று வருஷத்தில் ஹோகார்த் என்ற பெயரை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன், ஃபீல்டிங்கின் நண்பர் என்ற அளவில். நாவலாசிரியனின் நண்பன் என்பதற்கு மேல் ஓவியனுக்கு எங்கள் பாடத்திட்டத்தில் இடமில்லை. புத்தகத்தை வாங்கிய பிறகும் இந்தப் பக்கத்தில் நான் நின்றதில்லை. போன மாதம் நண்பர்கள் கூடியிருந்தபோது ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டே வந்து, இங்கே நிறுத்தி, 'ஜெயித்தவன் தோற்றவனைப் போட்ட கேலிச்சித்திரம், வேறென்ன' என்றார். இன்னொருவர், கோடுகளைப் பார், யார் எவன் என்பது சரித்திரக்காரன் பாடு என்றார். இந்த மாதிரிச் சர்ச்சையில் நானும் முன்பு இந்தப் பத்திரிகையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்: கட்சி கட்டுகிற கலைஞனுக்குப் பார்வை போய்விடுகிறது என்று. அந்தத் தீர்ப்பு இந்தச் சித்திரத்தின் முன்னால் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் விரல்கள். நான் வங்கிக் குமாஸ்தா. நோட்டு எண்ண இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் இயந்திரம் எண்ணியதைக் கையால் ஒரு முறை எண்ணிப் பார்க்காமல் நகர்கிற வாடிக்கையாளர் குறைவு. கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பத்து வருஷமாக நான் பார்த்து வருவது முகங்களைவிட எண்ணும் கைகளைத்தான். நம் ஊர்க்காரன் விரலில் கணக்குப் போட்டால் கட்டைவிரல் நுனியால் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போவான். ஒரு கை போதும். மறு கையில் பை இருக்கும். லவட் எண்ணுவது அப்படியல்ல. இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, எதிரே இருப்பவன் பார்க்கும்படி, மார்புக்கு நேரே. தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கணக்கல்ல அது, இன்னொருவனுக்கு ஒப்பிக்கும் கணக்கு. எதை எண்ணுகிறான் என்பதற்கு ஒரு செய்தி வழங்கி வருகிறது: கலகப் படையில் எந்தக் குலத் தலைவனிடம் எத்தனை ஆட்கள் இருந்தார்கள் என்று ஹோகார்த்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அப்படியானால் ஒரு விரலுக்குச் சில நூறு மனிதர்கள். கல்லோடன் சண்டை முடிந்து அப்போது நாலு மாதம்தான். விரலுக்குள் அடங்கிய ஆட்களில் பலர் உயிரோடு இல்லை.

அந்தக் கலகத்தின் வேர் 1688-இல் இருக்கிறது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் அந்த வருஷம் சிம்மாசனத்தை விட்டு ஓட நேர்ந்தது. 1714-இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த வம்சம் ஆட்சிக்கு வந்தது. ஜேம்ஸின் வாரிசே உண்மையான ராஜா என்று நின்றவர்கள் ஜேக்கபைட்டுகள். 1715-இல் ஒரு முறை எழுந்தார்கள். 1745-இல் ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட் ஸ்காட்லாந்தில் வந்திறங்கியதும் மறுபடி எழுந்தார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் வெளியில், ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத சண்டையில், எல்லாம் முடிந்தது.

லவட் இந்த இரண்டு பக்கத்திலும் இருந்தவன். ஒரு சமயம் ஒரு பக்கம் என்றுகூட இல்லை, பல சமயம் ஒரே நேரத்தில் இரண்டிலும். 1697-இல், குலத்தின் வாரிசுரிமைத் தகராறில், முந்திய பிரபுவின் விதவையை வல்லந்தமாகக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் அலறல் வெளியே கேட்காதிருக்கப் பக்கத்து அறையில் பைப் வாசிக்கச் சொன்னான் என்பார்கள். அதற்காக, அவன் முன்னிலையில் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரான்ஸுக்குப் போய்க் கத்தோலிக்கனானான். அங்கிருந்த நாடுகடந்த அரச சபைக்கு உளவு வேலை ஏற்றுக்கொண்டு 1703-இல் ஸ்காட்லாந்து வந்து, அந்த ரகசியத்தை எதிர்த் தரப்பு மந்திரியிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பிப் போனதும் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வருஷக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். 1715 கலகத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்று, இன்வர்னெஸ்ஸை மீட்கக் கைகொடுத்து, மன்னிப்பு வாங்கினான். 1745-இல் தன் மகனைக் குலப்படையோடு இளவரசனிடம் அனுப்பிவிட்டு, எடின்பரோவின் தலைமை நீதிபதி டங்கன் ஃபோர்ப்ஸுக்கு, பையன் என் சொல் கேட்காமல் போய்விட்டான் என்று கடிதம் எழுதினான். மகனுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. எந்த நாவலாசிரியனும் இப்படி ஒரு தகப்பனைப் படைக்கத் துணியமாட்டான். நம்பகத்தன்மை இல்லை என்று நாமே விமர்சனம் எழுதுவோம்.

கல்லோடனுக்குப் பிறகு அவன் கோட்டையைக் கொளுத்தினார்கள். நடக்க முடியாத கிழவன், தூக்கிச் சுமக்கப்பட்டு, மேற்குக் கரைப் பக்கம் மோரார் ஏரியின் தீவொன்றில் ஒளிந்து, ஜூனில் பிடிபட்டான். லண்டனுக்குக் கொண்டுபோகும் வழியில், ஆகஸ்ட் மத்தியில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். ஹோகார்த் லண்டனிலிருந்து அங்கே போய் அவனைச் சந்தித்தார். உள்ளே நுழைந்தபோது கிழவன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தானாம். சோப்பு நுரையோடு எழுந்து வந்து கட்டிக்கொண்டு முத்தமிட, ஓவியர் முகத்திலும் நுரை. கதையாக இருக்கலாம். ஆனால் சித்திரத்தில் இருக்கும் முகம், நுரையோடு வந்து எதிரியின் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடிய முகம்தான். (லவட் அந்த விதவைக்கு இழைத்த கொடுமையும் ஹோகார்த்தின் பிறப்பும் ஒரே வருஷம், 1697. இதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. ஆனால் கிழவன் எதிரே உட்கார்ந்தவருக்கு வயது நாற்பத்தெட்டு. அவர் ஆயுசு முழுவதையும் லவட் தன் சூழ்ச்சிகளில் கழித்திருக்கிறான்.)

சந்திப்பு ஆகஸ்ட் மத்தியில். சித்திரத்தின் அடியில் இருக்கும் தேதி ஆகஸ்ட் 25. பத்துப் பன்னிரண்டு நாளில் தகடு தயாராகி அச்சும் ஏறிவிட்டது. இந்த வேகம் முக்கியம். அன்றைக்குப் பிரபுக்களின் உருவச் சித்திரம் என்றால் அதற்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது. நூறு வருஷத்துக்கு முன் வான் டைக் தன் காலத்துப் பெரிய மனிதர்களைத் தொகுத்துச் செதுக்கு வேலைக்காரர்களிடம் கொடுத்ததிலிருந்து வரும் சம்பிரதாயம். 1743 முதல் லண்டனில் நாப்டன் என்ற பதிப்பாளர் ஹௌப்ராக்கனையும் வெர்ட்யூவையும் கொண்டு வெளியிட்ட கீர்த்தி பெற்றவர்களின் தலைகளைப் பாருங்கள்: நீள்வட்டச் சட்டம், சட்டத்துக்குள் மார்பளவு உருவம், கீழே அலங்காரம். உளியைத் தகட்டில் தள்ளித் தள்ளி, கோட்டைத் தடிக்கவும் மெலியவும் விட்டு, மாதக்கணக்கில் செய்யும் வேலை. அதில் மனிதன் ஏற்கனவே கல்லறைச் சிற்பமாகி விடுகிறான். ஹோகார்த்துக்கு அந்த வித்தை தெரியாததல்ல. வெள்ளிச் சாமான்களில் குலச்சின்னம் வெட்டும் தொழிலில்தான் அவர் பழகியது. ஆனால் லவட்டுக்கு அவர் உளியை எடுக்கவில்லை, திராவகத்தை எடுத்தார்.

எங்கள் கிளைக்கு நகை மதிப்பிட வரும் பத்தர் உரைகல்லில் நகையைத் தேய்த்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு துளி வெடியுப்புத் திராவகம் விடுவார். பொன் நிற்கும், செம்பு பச்சையாய்ப் பொங்கிக் கரைந்துவிடும். அதே திராவகம்தான். அவருக்கு அது தின்னாமல் விடுவது வேண்டும், ஹோகார்த்துக்கு அது தின்பது வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சுப் பூசி, அதன் மேல் ஊசியால், காகிதத்தில் வரைவது போலவே வரையலாம். பூச்சு கீறிய இடத்தில் மட்டும் திராவகம் செம்பைத் தின்னும். கை தடையில்லாமல் ஓடும். கோட்டின் ஓரம் உளிக்கோடு போல வழவழப்பாக இராது, கொஞ்சம் அரிக்கப்பட்டிருக்கும். பத்தரிடம் ஒரு மத்தியானம் படத்தைக் காட்டினேன். கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் திராவகத்தில் விட்டிருப்பான் என்று கேட்டார். முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது சரியான விமர்சனமாகவே பட்டது. லவட்டின் கன்னத்திலும் கோட்டின் மடிப்பிலும் இருக்கும் உயிர், கை நிற்காமல் ஓடியதில் வந்தது. மாதக்கணக்கில் உளி பிடித்திருந்தால் அந்தக் கண்ணில் ஹோகார்த் ஒரு கருத்தைச் செதுக்கியிருப்பார்.

சித்திரத்தின் அடியில் ஹோகார்த் மூன்று விஷயம் பொறித்திருக்கிறார். நேரில் பார்த்து வரைந்து திராவகத்தில் பொறித்தது என்று ஒன்று. பார்லிமெண்ட் சட்டப்படி வெளியிடப்பட்டது என்று ஒன்று. விலை ஒரு ஷில்லிங். நடுவில் உள்ளது வெறும் சடங்கு வாசகம் அல்ல. தன் 'வேசியின் பாதை' வரிசையைக் கண்ட கடைக்காரனெல்லாம் திருட்டு அச்சுப் போட்டதில் கொதித்து, ஹோகார்த்தும் கூட்டாளிகளும் பார்லிமெண்டுக்கு மனுப்போட்டு 1735-இல் வாங்கிய சட்டம் அது. சித்திரத்தை உருவாக்கியவனுக்குப் பதினாலு வருஷம் உரிமை. எழுத்தாளருக்கு 1710-இல் கிடைத்தது செதுக்கு ஓவியருக்கு அப்போதுதான் கிடைத்தது. ஆக, எந்தப் பார்லிமெண்ட் லவட்டின் தலையை எடுக்கப்போகிறதோ அதே பார்லிமெண்டின் சட்டம் அவன் முகத்துக்குக் காவல் நிற்கிறது. முகம் ஹோகார்த்தின் சொத்து. லவட்டுக்கு அதில் பங்கில்லை.

விற்பனை பற்றிச் சொல்லப்படுவது: அச்சு இயந்திரம் ஒரு வாரம் இரவு பகலாக ஓடியும் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை, பல வாரங்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு பவுன் வருமானம். குமாஸ்தா புத்தி, பெருக்கிப் பார்க்கிறேன். பவுனுக்கு இருபது ஷில்லிங். நாளைக்கு 240 பிரதி. நம் பத்திரிகையின் ஒரு இதழ் மொத்தமே அவ்வளவு போவதில்லை, அதிலும் பாதி இனாம். வாங்கியவர்கள் ரசிகர்கள் அல்ல. அந்த மாதம் 18-ஆம் தேதிதான் டவர் குன்றில் கில்மார்னக், பால்மெரினோ என்ற இரண்டு கலகப் பிரபுக்களின் தலையை வெட்டியிருந்தார்கள். அடுத்த தலையின் படம் ஒரு ஷில்லிங்குக்குக் கடையில் வந்துவிட்டது. லண்டன்காரனின் பயம் தெளிந்து குதூகலமாக மாறிக்கொண்டிருந்த வாரம் அது. முந்திய டிசம்பரில் ஹைலேண்டர்கள் டார்பி வரை வந்துவிட்ட செய்தியில் அவன் நடுங்கியிருந்தான். அந்தக் குதூகலத்துக்குத்தான் ஹோகார்த் சரக்குப் போட்டார். இதை மறைத்து அவரைச் சுத்தக் கலைஞராக்குவதில் எனக்கு விருப்பமில்லை.

அவருடைய கட்சியும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. லண்டன்காரர், புராட்டஸ்டண்ட், பிரான்ஸ் என்றால் வெறுப்பு. இரண்டு வருஷம் கழித்து 1748-இல் வரைந்த 'கலே நகர வாசல்' ஓவியத்தின் ஓரத்தில், நாடு தப்பிவந்த ஒரு ஹைலேண்ட்காரன் பசியில் சுருண்டு கிடக்கிறான், ஒரு வெங்காயமும் ரொட்டித் துண்டும்தான் ஆகாரம். அந்த உருவத்தில் ஹோகார்த் ஒரு மனிதனைப் பார்க்கவில்லை. தன் அபிப்பிராயத்துக்குக் கட்டம்போட்ட துணி போர்த்தியிருக்கிறார். நண்பர் சொன்ன கேலிச்சித்திரம் என்ற சொல் அதற்குப் பொருந்தும். லவட்டுக்குப் பொருந்தாது. கேலிச்சித்திரம் ஒரு குணத்தை எடுத்து ஊதுகிறது. லவட்டின் முகத்தில் எந்த ஒன்றையும் தனியே எடுக்க முடியவில்லை. நயவஞ்சகம் இருக்கிறது, விருந்துபசாரம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, எண்ணி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது என்ற பழைய அதிகாரமும் இருக்கிறது. ஃபீல்டிங் 1742-லேயே, தன் 'ஜோஸப் ஆண்ட்ரூஸ்' முன்னுரையில், ஹோகார்த்தைக் கேலிச்சித்திரக்காரர் என்பது அவருக்கு அநியாயம் என்று வாதிட்டார். அடுத்த வருஷம் ஹோகார்த்தே குணச்சித்திரமும் கேலிச்சித்திரமும் எப்படி வேறு என்று காட்ட நூற்றுக்கு நெருங்கிய முகங்களை ஒரே தகட்டில் அடைத்து ஒரு சித்திரம் போட்டார். பாடத்திட்டம் அந்த நட்பை விட்டு இந்த வாதத்தைச் சொல்லியிருக்கலாம்.

நேரில் பார்த்தது, அதனால் உண்மையாக வந்தது என்று இங்கே முடித்துவிட ஆசையாக இருக்கிறது. முடியாது. 1763-இல் ஹோகார்த் ஜான் வில்க்ஸின் உருவத்தைப் போட்டார். அதன் அடியிலும் நேரில் பார்த்து வரைந்து திராவகத்தில் பொறித்தது என்ற அதே வாசகம். லவட்டுக்கு ஜோடி என்று சொல்லியே விற்றார். அதில் மாறுகண், கொம்பு போல் எழும்பிய பொய்முடி, இளிப்பு. சொந்தச் சண்டைக்குப் பழி தீர்த்த படம், அவ்வளவுதான். வில்க்ஸ் நீதிமன்றத்தில் நின்றபோது ஓவியர் மறைவாக நின்று வரைந்தார் என்று வில்க்ஸ் தரப்பினர் ஏசினார்கள். ஏசியதிலேயே விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வில்க்ஸை அவர் பார்த்தார். வில்க்ஸ் அவரைப் பார்க்கவில்லை. லவட் அவரைப் பார்த்தான். கட்டிப்பிடித்தான், பேச்சுக் கொடுத்தான், விரல் மடக்கிக் கணக்கு ஒப்பித்தான். அந்தக் கண் நிறுத்துப் பார்ப்பது ஹோகார்த்தை. கட்சி இருந்தது, வெறுப்பும் இருந்திருக்கும், ஆனால் வெறுப்பவனைத் திருப்பிப் பார்க்கிற ஒரு கண்ணை அவர் திராவகத்தில் இறக்கும்போது மழுப்பவில்லை. கட்சி கட்டியதால் பார்வை போகும் என்று நான் எழுதியது அரைகுறை. பார்க்கப்படுகிறவன் திருப்பிப் பார்க்க வழியில்லாத இடத்தில்தான் அது போகிறது.

எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஹோகார்த்தை 'அவர்' என்றும் லவட்டை 'அவன்' என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். நினைத்துச் செய்யவில்லை, விகுதி தானாக வந்து விழுந்திருக்கிறது. இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தமிழில் வினைமுற்று முடிவதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சித்திரம் சொல்லாத தீர்ப்பை என் இலக்கணம் முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. மேலே உள்ளதைத் திருத்தவில்லை. இனி வருவதற்கு மாற்றிக்கொள்கிறேன்.

1747 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் லவட் பிரபுவை விசாரித்தார்கள். காமன்ஸ் சபை குற்றம் சாட்ட, பிரபுக்கள் சபை தீர்ப்பளிக்கும் முறை. ராஜத்துரோக வழக்குகளில் எதிரிக்காக வக்கீல் வாதாடலாம் என்று 1696-லேயே சட்டம் வந்திருந்தது. ஆனால் பார்லிமெண்ட் நேரடியாகக் குற்றம் சாட்டும் வழக்குகளுக்கு அது செல்லாது. எண்பதை நெருங்கிய, காது சரியாகக் கேளாத மனிதர், இளவரசனின் காரியதரிசியாக இருந்து அப்ரூவரான மர்ரேயின் சாட்சியத்தைத் தாமே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தீர்ப்பு ஒருமனதாக வந்தது. குற்றவாளிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காட்சி சில மனச்சாட்சிகளைக் குத்தியிருக்க வேண்டும். அதே வருஷம், இப்படிப்பட்ட வழக்குகளிலும் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தை மாற்றினார்கள். லவட் வாழ்நாளில் யாருக்காவது செய்த ஒரே உபகாரம் அவர் அறியாமல் செய்தது.

ஏப்ரல் 9, டவர் குன்று. வேடிக்கை பார்க்கக் கட்டிய மேடையொன்று பாரம் தாங்காமல் சரிந்து, பார்க்க வந்தவர்கள் பலர் செத்தார்கள். லவட் ஹோரஸின் ஒரு வரியை லத்தீனில் சொல்லிவிட்டுத் தலையை வைத்தார். பிரிட்டனில் தலை வெட்டி நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகளில் அதுவே கடைசி.

அவர் விரலில் எண்ணிய ஆட்களை யாரும் செதுக்கவில்லை. குலத்தலைவன் கூப்பிட்டால் போக வேண்டும், போகாதவன் குடிசைக்கு நெருப்பு என்ற மிரட்டலில் வந்தவர்கள் அவர்களில் கொஞ்சப்பேர் அல்ல. குலத்தலைவர்களின் நீதி அதிகாரத்தை 1747-இல் சட்டம் போட்டுப் பறித்தார்கள். ஹைலேண்ட் உடையைத் தடை செய்தார்கள். உடைத் தடையில் ஒரு விலக்கு: அரசாங்கப் பட்டாளத்தில் சேர்ந்தால் உடுத்தலாம். லவட்டின் மகன், அப்பாவின் கடிதத்தில் சொல் கேளாத பிள்ளையாக நின்ற அதே சைமன், 1750-இல் மன்னிக்கப்பட்டு, 1757-இல் தன் குலத்திலிருந்தே ஒரு ரெஜிமெண்ட் திரட்டி ஹனோவர் ராஜாவுக்காகக் கனடா போனார். லூயிபர்க், கியூபெக். 1774-இல் நிலம் திரும்பக் கிடைத்தது. அப்பா விரல்விட்டு எண்ணிய கணக்கையே மகன் வேறு கல்லாவில் கட்டினார்.

இன்னொரு மகனின் கதை நம் பக்கம் வருகிறது. கில்மார்னக்கோடும் பால்மெரினோவோடும் தண்டனை பெற்று, மன்னிப்பில் தப்பியவர் கிரோமார்ட்டி பிரபு. அவர் மகன் மக்லௌட் பிரபுவும் கலகத்தில் இருந்தவர். 1777-இல் 73-ஆம் ஹைலேண்ட் ரெஜிமெண்டைத் திரட்டினார். அது 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. அதன் இரண்டு கம்பெனிகள் பெய்லியின் படையோடு சேர்ந்து, அந்த செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புல்லலூரில், ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சிக்கி அழிந்தன. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அந்தச் சண்டையை எழுதி வைத்திருக்கிறான். நடுவில் பல்லக்கில் பெய்லி. சுற்றிலும் சதுரமாக அடைபட்ட சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள், ஒரே முகம் வரிசை வரிசையாக. அங்கேயும் ஜெயித்தவனின் சுவர்தான். அந்த வரிசையில் ஒருவனும் ஓவியனைத் திருப்பிப் பார்க்கவில்லை.

லவட்டின் உடலை எங்கே புதைத்தார்கள் என்பது நீண்ட நாள் தகராறு. டவர் கோட்டைக்குள் உள்ள தேவாலயத்தில் என்பது அரசாங்கக் கணக்கு. இல்லை, ஆட்கள் திருட்டுத்தனமாக ஊருக்குக் கொண்டுபோய், இன்வர்னெஸ்ஸுக்குப் பக்கத்தில் வார்ட்லா கல்லறை மாடத்தில் வைத்துவிட்டார்கள் என்பது குலத்தின் கதை. அங்கே தலையில்லாத எலும்புகளோடு ஓர் ஈயப் பெட்டி இருந்தது. தடயவியல் நிபுணர் ஸூ பிளாக் அதைச் சோதித்து 2018 ஜனவரியில் முடிவைச் சொன்னார். உள்ளே இருந்தது ஓர் இளம்பெண்.